சில்லறை ரெசின்

கண்ணாடி நூல் துணி காய்ந்திருக்கும்போது வெள்ளை வெளேரென்று இருக்கும். பலகையின் மேல் அதை விரித்து, ரெசின் என்னும் தேன் நிறப் பசையை ஊற்றி, ரப்பர் தகட்டால் மெல்ல இழுத்துக்கொண்டே போனால், துணி கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். வெண்மை விலகி, அடியில் இருக்கும் பலகை மட்டும் ஈரமாக மின்னும். துணி அங்கேயேதான் இருக்கிறது, கண்ணுக்குத்தான் தெரியாது. இந்த வேலையை எத்தனை தடவை செய்தாலும் அந்த நேரத்தில் எனக்குக் கண் சொக்கும். தூக்கம் இல்லை அது. பட்டப்பகலில், கை வேலை செய்துகொண்டிருக்கும்போதே, நான் மட்டும் எங்கோ போய் உட்கார்ந்துகொள்வேன். அப்போது யாராவது கூப்பிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும். என் மனைவி கூப்பிட மாட்டாள். சாப்பாட்டுத் தட்டைக் கொட்டகை வாசலில் டங்கென்று வைத்துவிட்டுப் போய்விடுவாள்.

கொட்டகை புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது. தகரக் கூரை. அதற்குள்தான் கடல் அலையில் சறுக்கும் சர்ஃப் பலகை செய்கிறேன். அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு வீட்டில் ஆளுக்கொரு வேலைக்குப் போனோம். நான் கடற்கரையில் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கும் ஓர் இடத்தில் பலகை தூக்கிப் போடும் ஆளாகச் சேர்ந்தேன். உடைந்த பலகைகளை ஒட்டப் போய், அப்படியே புதிதாகச் செய்யவும் ஆரம்பித்துவிட்டேன். முதல் பலகையைத் தெர்மாக்கோலில் செய்தேன். ரெசினை ஊற்றியதும் அது குழி குழியாக உருகி, என் கண் முன்னாலேயே பாதியாகிப் போனது. பாலியெஸ்டர் ரெசினுக்குத் தெர்மாக்கோல் ஆகாது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்தக் கருமத்தைத் தூக்கிப் போட என் மனைவி இன்னும் விடவில்லை. எனக்குத் தலைக்கனம் ஏறும்போது காட்டுவதற்காகப் பரண் மேல் வைத்திருக்கிறாள்.

வேலைக்கு வேண்டியதெல்லாம் எனக்குச் சாரம் பகுதியில் ஒரே கடையில் கிடைத்தது. சர்ஃப் பலகைக்கென்று திறந்த கடை இல்லை அது. ஃபைபர் படகு பழுது பார்ப்பவர்கள், தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிறவர்கள், சர்ச்சுக்கு மாதா சுரூபம் வார்ப்பவர்கள், இவர்கள் வந்துபோகிற கடை. அதை நடத்தியவர் என்னைவிடச் சில வயது மூத்தவர். நான் அக்கா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். அவருடைய கணவர் டெம்போவில் சரக்கு ஏற்றிக்கொண்டு மீனவக் கிராமங்களுக்குப் போய்விடுவார். கடையில் எப்போதும் அக்காதான் இருப்பார்.

அங்கே நான் பால் வாங்கப் போவதுபோலத் தூக்குச்சட்டியோடு போவேன். மற்றவர்களும் அப்படித்தான். ஆளுக்கொரு எவர்சில்வர் தூக்கு, ரெசின் படிந்து பழுப்பேறியது. பெரிய பீப்பாயிலிருந்து அக்கா வேண்டிய அளவு மட்டும் ஊற்றுவார். ஊற்றுவதற்கு முன் கேள்விகள் உண்டு. இன்றைக்கே வேலையா, நாளைக்கா? கொட்டகையில் நிழலா, வெயிலா? அந்தப் பக்கம் கடல் காற்று அடிக்கிறதா, மேற்குக் காற்றா? பதிலைக் கேட்டுவிட்டு ஒரு சின்ன பாட்டிலை எடுத்து, ஊதா நிற மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, குச்சியால் கிண்டித் தருவார். ரெசினை இறுக வைக்கத் துணை போகும் மருந்து அது. அது போதாமல் போனால், வீட்டில் நாம் ஹார்ட்னர் என்ற இறுக்கும் திரவத்தைக் கலந்தாலும் பலகை நாள் கணக்கில் பிசுபிசுவென்று கிடக்கும். கூடிப்போனால் கையில் இருக்கும்போதே கல்லாகிவிடும். ஊதாவும் ஹார்ட்னரும் நேருக்கு நேர் கலந்தால் ஆபத்து. அதனால் ஊதா கடையோடு நின்றுவிடும், ஹார்ட்னர் தனிக் குப்பியில் வீட்டுக்கு வரும். இப்படி அவரவர் வேலைக்கும் அன்றைய வானத்துக்கும் தக்கபடி ரெசின். அளவு கொடுத்துச் சட்டை தைப்பது மாதிரி.

காலை நேரத்தில் அந்தக் கடைக்குள் இருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக விழும். பீப்பாயின் குழாயிலிருந்து ரெசின் ஒரே நூலாக, சத்தமே இல்லாமல் இறங்கும். கவிழ்த்துப் போட்ட வாளிகளின் மேல் நாங்கள் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்போம். தெருவில் பள்ளிக்கூட ஆட்டோ போகும், கீரைக்காரி போவாள், எல்லாம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல இருக்கும். ஒரு தூக்கு நிறைய எவ்வளவு நேரம் ஆகும் என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த நூல் அறுந்து, கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் நான் வந்த வேலை ஞாபகத்துக்கு வரும். அக்கா என்னைப் பார்த்து, முழிச்சிட்டீங்களா என்று கேட்பார்.

படகுக்குத் தடித்த கண்ணாடி நூல் பாய் போதும். பலகைக்கு மெல்லிய துணி வேண்டும். என் ஒருவனுக்காக அக்கா அந்தத் துணியில் ஓர் உருளை வாங்கி மூலையில் நிறுத்தியிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக வெட்டித் தருவார். நான் மாதத்துக்கு ஒரு பலகை, மிஞ்சினால் இரண்டு பலகை செய்கிற ஆள். எனக்கு எதுவுமே மொத்தமாக வேண்டியதில்லை.

சென்னைக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலையோரம் கிடங்கு வைத்திருக்கும் ஒரு பெரிய நிறுவனம் உண்டு. கடற்கரை முழுக்க அவர்கள் சரக்குதான். அக்காவின் பீப்பாய்களும் அங்கிருந்துதான் வந்தன. ஒருமுறை, துணி தீர்ந்துபோன சமயத்தில், நானே நேராக அவர்களுக்கு ஃபோன் செய்தேன். பேசிய பெண் மிகவும் மரியாதையாக எத்தனை டிரம் வேண்டும் சார் என்று கேட்டாள். ஒரு தூக்கு என்றேன். லைனில் இருங்கள் என்று சொல்லி ஒரு பாட்டைப் போட்டுவிட்டாள். பாட்டு நன்றாகத்தான் இருந்தது. அது முடியும் வரை கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

அந்த நிறுவனத்து ஆள் தீபாவளி முடிந்த பிறகு ஒருநாள் சாரத்துக்குக் காரில் வந்திருக்கிறார். இப்போது கடற்கரையெங்கும் சர்ஃபிங் வந்துவிட்டது, படகுகளும் கூடிவிட்டன, புதுச்சேரியில் எங்களுக்கு ஒரு கிளை வேண்டும், உங்கள் கடையையே கிளையாக்கிக்கொள்கிறோம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறார். கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் அவர்களே போட்டுத் தருவார்கள். ஒரே ஒரு நிபந்தனை. எல்லாம் சீல் வைத்த பெரிய டப்பாவில்தான் விற்க வேண்டும். பீப்பாய் கூடாது. திறந்து ஊற்றக் கூடாது. பொங்கலுக்குள் பதில் சொல்லும்படி கேட்டுவிட்டுப் போயிருந்தார்.

அக்கா இதைச் சொன்னதும் நான் என் தூக்கைத்தான் பார்த்தேன். அந்தப் பெரிய டப்பாவை முழுதாக வாங்கி வைத்தால், என் வேகத்துக்கு, பாதியைத் தொடுவதற்குள் மீதி கெட்டியாகிக் கிடக்கும். தூக்கில் ரெசின் இல்லையென்றால் எனக்குப் பலகை இல்லை. பலகை இல்லையென்றால் மறுபடியும் யாரோ ஒருவருடைய பலகையை மணலில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்றேன். அவர் துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்து கத்தினேன். பெரிய கம்பெனிகள் சின்னக் கடைகளை எப்படி விழுங்குகின்றன என்று என் மனைவிக்கு ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "கடையவா மூடச் சொல்றாங்க? டப்பாவத்தான மூடச் சொல்றாங்க," என்றாள். நான் இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

அந்தக் கம்பெனி ஆள் போகும்போது ஒரு மாதிரி டப்பா கொடுத்துவிட்டுப் போயிருந்தார். மார்கழியில் ஒருநாள் நான் போனபோது அக்கா அதைத் திறந்து, இதைத்தான் போட்டுப் பாருங்களேன் என்று என் தூக்கில் ஊற்றினார். வழக்கம்போல் காற்றைப் பற்றிக் கேட்டார். பனி, வெயில் ஏறவே இல்லை என்றேன். ஊதாவைக் கொஞ்சம் கூடவே விட்டுக் கிண்டிக் கொடுத்தார். எனக்கு அந்தச் சரக்கின் மேல் ஏற்கெனவே கடுப்பு. கொட்டகையில் பலகை தயாராக இருந்தது. துணியை விரித்தேன். வாளியில் ஹார்ட்னரைக் கலந்து ஊற்ற ஆரம்பித்தேன். துணி காணாமல் போகத் தொடங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. பாதி பலகை ஈரமாக மின்ன, மீதி பாதி வெள்ளையாகவே கிடக்க, நடுவில் ரெசின் வெந்த சோறு மாதிரி திரண்டுகொண்டிருந்தது. வாளிக்குள் மிச்சம் இருந்தது சூடேறிப் புகைந்தது. மண்வெட்டியால் வாளியைத் தள்ளி, தோட்டத்து மண்ணில் கவிழ்த்தேன். பலகை போயிற்று.

எனக்குள் ஒரு கெட்ட சந்தோஷம் வந்ததை மறைக்க முடியாது. கையில் ஆதாரம் கிடைத்துவிட்டதே. அந்த வாரமே நான் ஊர் கூட்டினேன். ஊர் என்றால் இரண்டு பேர். தவளக்குப்பத்துப் பக்கம் படகு பழுது பார்க்கும் ஓர் அண்ணன், மாதா சுரூபம் வார்க்கும் ஒரு பெரியவர். மூவரும் தூக்கு ஆட்கள். அக்காவிடம் போய், கம்பெனிக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம் என்று முறையாகக் கேட்டுக்கொள்வது என்று முடிவாயிற்று. வெறுங்கையோடு எப்படிப் போவது என்று பெரியவர் தயங்கினார். அதனால் தட்டில் ஒரு சீப்பு வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வைத்துக்கொண்டு, பெண் கேட்கப் போகிறவர்களைப் போல மூவரும் கடைக்குள் வரிசையாக நுழைந்தோம். அக்கா எங்களையும் தட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு, வாளிகளைக் கவிழ்த்துப் போட்டார். கடைக்குப் பின்னால் இருக்கும் அடுப்பில் டீக்குப் பால் வைத்துவிட்டு வந்து எதிரில் நின்றார்.

நான்தான் பேசினேன். நன்றாகவே பேசினேன் என்று அப்போது நினைத்தேன். இந்தக் கடை எங்களுக்கு என்னவெல்லாம் என்று சொன்னேன். காலை வெயிலில் ரெசின் இறங்குவதைக்கூடச் சொன்னேன். பிறகு புகைந்த வாளிக்கு வந்தேன். பெரிய கம்பெனிச் சரக்கின் லட்சணம் இதுதான், எங்கேயோ உட்கார்ந்து டப்பாவில் அடைத்து அனுப்புகிறவனுக்கு எங்கள் ஊர்க் காற்றைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்டேன். படகு அண்ணன் தலையாட்டினார்.

அப்போது பால் தீய்கிற வாசனை வந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். பெரியவர் அக்காவைப் பார்த்தார். எங்களில் அடுப்புக்குக் கிட்ட நின்றது அக்காதான். ஆனால் அவர் அசையவில்லை, நான் தொடர்ந்து பேசுவேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசனை கடை முழுக்கப் பரவியது. கடைசியில் படகு அண்ணன் எழுந்து போய் அடுப்பை அணைத்தார். பாத்திரத்தை இறக்கி வைக்கும் சத்தம் கேட்டுத்தான் அக்கா திரும்பினார்.

அவர் முதலில் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"அந்த டப்பாவுல ஊதாவ ஊத்துனது நான்தான் தம்பி," என்றார். "கம்பெனிலயே ஊதா கலந்துதான் அனுப்பியிருக்காங்க. டப்பா மேலயே போட்டிருக்கு. முன்னல்லாம் மூடியத் தொறந்தாலே எனக்கு மூக்குல தெரிஞ்சிடும், ஊதா போட்டதா போடாததான்னு. எழுதியிருக்கறத எதுக்குப் பாக்கணும்? அந்தப் பழக்கத்துலயே இப்பவும் ஊத்திட்டேன்."

பிறகு அக்கா மெதுவாகச் சொன்னார். வாசனை தெரியாமல் போய் ரொம்ப நாளாகிறதாம். முதலில் சளி என்று நினைத்திருக்கிறார். பிறகு மல்லிகை போயிற்று, மழை பெய்தால் மண் வாசனை போயிற்று, குழம்பு தாளித்தால் தாளித்ததே தெரியவில்லை. டாக்டரிடம் போனதற்கு, காலையிலிருந்து சாயங்காலம் வரை திறந்த பீப்பாய்க்கு மேல் குனிந்து நின்றால் மூக்கு என்ன செய்யும் என்று அவர் கேட்டாராம். திறக்காமல் இருந்தால் ஒருவேளை திரும்பி வரலாம், வராமலும் போகலாம் என்றாராம்.

"பேத்தி பொறந்திருக்கா. குழந்தை தலைல ஒரு வாசனை வரும் பாருங்க. அது எனக்குத் தெரியல," என்றார்.

நான் பார்த்துக்கொண்டே இருந்த அந்தத் தேன் நிற நூலுக்கு மேல் எப்போதும் ஒரு முகம் குனிந்திருந்தது. நான் நூலைத்தான் பார்த்தேன். எனக்குக் கோபம் வந்தது, ஆனால் அதை யார் மேல் போடுவது என்று தெரியவில்லை. கம்பெனி மேல் போட முடியாது. அக்கா மேல் போடவே முடியாது. எனக்கோ ரெசின் வேண்டும். அது எனக்கு அந்த நிமிடத்திலும் வேண்டியிருந்தது.

நீங்கள் வேண்டாம் என்று சொன்னால் கம்பெனிக்காரரைத் திருப்பி அனுப்பிவிடுவதாகத்தான் இருந்தேன் என்றார் அக்கா. மூடிய டப்பா விற்கிற கடைக்கு நீங்கள் எல்லாம் வருவீர்களா, வராவிட்டால் நான் யாரோடு பேசிக்கொண்டிருப்பது என்பதுதான் அவருடைய பயம். பெரியவர் வாழைப்பழத் தட்டை எடுத்து அக்கா பக்கம் நகர்த்தினார். ஒத்துக்கொள்ளச் சொன்னார். படகு அண்ணனும் அதையே சொன்னார். அக்காவும் சேர்ந்து மூவரும் என்னைப் பார்த்தார்கள். "நாங்க வருவோம்க்கா," என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது.

பொங்கலுக்குப் பிறகு கண்ணாடிக் கதவு வந்தது. பீப்பாய்கள் போயின. ஒரே அளவு டப்பாக்கள் அலமாரியில் அடுக்கப்பட்டன. எனக்கு அந்த இடம் முதலில் பிடிக்கவே இல்லை, ஆஸ்பத்திரிக்குள் நுழைவது மாதிரி இருந்தது. ஆனால் அக்கா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. வெளியில் காற்று எப்படி என்று மட்டும் இன்னும் கேட்டார், வெறும் ஆசைக்காக.

நாங்கள் மூவரும் சேர்ந்து ஒரு டப்பா வாங்கி, பிரித்துக்கொள்வது என்று ஏற்பாடு. என் கொட்டகைதான் மூவருக்கும் தோது. டப்பா என்னிடம் வந்தது. திறந்து ஊற்றும் வேலையும் என்னிடம் வந்தது. கொஞ்ச நாளில் விஷயம் பரவி, தண்ணீர்த் தொட்டி ஒட்டுகிறவர்களும், கடற்கரையில் பலகை ஒட்டும் பையன்களும் காலையில் தூக்கோடு வர ஆரம்பித்தார்கள். ஒரு டப்பா இரண்டாயிற்று, மேலும் ஆயிற்று. முகத்தில் ஏதாவது கட்டிக்கொள் என்று என் மனைவி சொல்லுவாள். வேர்க்கிறது என்று கழற்றிவிடுவேன். கொட்டகைக்குள் வெயில் தகரத்து ஓட்டை வழியாக ஊசி ஊசியாக இறங்கும். வந்தவர்கள் வாளிகளின் மேல் உட்கார்ந்திருப்பார்கள். டப்பாவைச் சாய்ப்பேன். ரெசின் நூலாக இறங்கும். அவர்கள் கண் சொக்கிப் பார்த்துக்கொண்டிருப்பதை நான் மேலிருந்து பார்ப்பேன். வேலை முடிந்தால் ஒன்றிரண்டு நாள் விடியலில் கடலுக்குப் போவேன். அலைக்கு அந்தப் பக்கம் பலகை மேல் படுத்துக்கொண்டால் ஊர் ஒரு கோடு மாதிரி தூரத்தில் கிடக்கும். அந்தக் கோட்டுக்குள் என் கொட்டகையும் அக்காவின் கண்ணாடிக் கதவும் இருக்கின்றன என்று நினைத்துக்கொள்வேன். எல்லாம் ஒருவழியாகச் சரியாகிவிட்டது என்று எனக்கு அப்போது தோன்றும். நிம்மதியாக இருக்கும்.

வைகாசியில் ஒருநாள் டப்பா எடுக்கப் போனேன். அலமாரியிலிருந்து இறக்கி மேஜை மேல் வைக்கும்போது அக்கா என்னைத் திடீரென்று நிமிர்ந்து பார்த்தார். எழுந்து வந்தார். கொஞ்சம் கிட்ட வாங்க என்றார். என் சட்டைக் கையைப் பிடித்து மெதுவாக முகத்தருகே கொண்டுபோனார். கண்ணை மூடிக்கொண்டார்.

"தம்பி, உங்க சட்டைல ரெசின் நாத்தம் அடிக்குது."

அவர் சொன்னது எனக்கு உடனே உறைக்கவில்லை. உறைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா அழுதுகொண்டே சிரித்தார். இன்னொரு தடவை முகர்ந்து பார்த்தார். இன்றைக்கே பேத்தியைக் கொண்டுவரச் சொல்கிறேன் என்றார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஃபோனை எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார். இவ்வளவு சந்தோஷமான ஒரு முகத்தை நான் அந்தக் கடையில் பார்த்ததே இல்லை.

பிறகு அவர் என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே இருந்தது, கண்கள் மட்டும் மாறின. எல்லாருக்கும் நீங்கள்தான் ஊற்றுகிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தினமுமா என்றார். பெரும்பாலும் என்றேன்.

"இவ்ளோ நாத்தம் அடிக்குதே. உங்களுக்குத் தெரியுதா தம்பி?"

நான் சட்டைக் கையை என் மூக்கருகே கொண்டுபோனேன். மூச்சை ஆழமாக இழுத்தேன். மறுபடியும் இழுத்தேன். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை.